பொய்கையில் அப்பச்சன்: அடிமைகளின் கதையே வேதமாக

கேரளத்துத் தலித் தலைவர் என்றால் நம் மேடைகளில் அய்யன்காளியைச் சொல்வார்கள். 1893-ல் வில்வண்டி ஓட்டிப் பொதுவழியில் போனவர், 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கத்தைக் கண்டவர். சொல்ல வேண்டியவர்தான். அதே திருவிதாங்கூரில் அதே காலத்தில் இன்னொருத்தர் இருந்தார். அவர் பெயரைச் சொன்னால் நம் மாணவர்களில் முக்காவாசிப் பேர் முழிப்பார்கள். பொய்கையில் அப்பச்சன், பொய்கையில் யோஹன்னான், ஸ்ரீகுமார குருதேவன் - மூணும் ஒரே ஆள்தான். ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை பெயர் என்பதில் ஒரு அரசியல் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இவரை நாம் பேசாமல் விட்டதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். இவர் மதத்து ஆள். சபை நடத்தினவர், பாட்டுக் கட்டினவர், தன் மக்களால் தெய்வமென்று கும்பிடப்பட்டவர். அம்பேத்கரையும் பெரியாரையும் படித்து வந்த நமக்கு 'குரு' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது. 'சாமியாரெல்லாம் நமக்கு எதுக்கு தோழர்?' என்று ஒரு நண்பர் என்னிடமே கேட்டார். அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'அடிமை' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நாம் மேடையில் அந்தச் சொல்லை உவமையாகத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஆனால் திருவிதாங்கூரில் அது உவமை இல்லை. ஆளை விற்றார்கள், அடகு வைத்தார்கள், வாடகைக்கு விட்டார்கள். நிலத்துக்கு என்னென்ன உரிமை வகை இருந்ததோ - ஜன்மம், காணம், பாட்டம் - அதே வகைகள் ஆளுக்கும் மலையாள நாட்டில் இருந்தன. 1800-01-ல் மலபாரைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற கும்பெனி அதிகாரி இதை எழுதி வைத்திருக்கிறார். புருசன் பெண்டாட்டியைத் தனித்தனியாக விற்கிற வழக்கமில்லை, ஆனால் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விற்கலாம் என்றும் அதில் இருக்கிறது. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 1836-ல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் மொத்த ஜனம் 12,80,668 பேர். அதில் அடிமைகள் 1,64,864 பேர். ஏறக்குறைய எட்டுக்கு ஒருத்தர். புலையர், பறையர், குறவர் என்று நம் சனங்கள்தான் அதில் பெரும்பகுதி.

1855-ல் மகாராஜா ஒரு விளம்பரத்தால் அடிமை முறையை ஒழித்தார். மிஷனரிகள் மனுமேல் மனுப்போட்டு, சென்னையிலிருந்து வெள்ளைக்கார அரசு நெருக்கி, அதற்கப்புறம் வந்த விளம்பரம் அது. காகிதத்தில் ஒழிந்தது. நிலம் எஜமான் கையில், குடிசை எஜமான் மண்ணில், அளக்கிற படி எஜமான் வீட்டில். எங்கே போவான் அடிமை?

கன்னியாகுமரி மாவட்டம் முதலில் அந்த ராஜ்யத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தது. நான் அந்த மாவட்டத்துக்காரன், சாம்பவர் குடும்பம். ஆகவே மேலே சொன்ன ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைந்த கணக்கில் என் முப்பாட்டன் வீட்டார் இல்லாமல் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்தில் முதலியார் வீட்டு ஓலைகள் என்று ஒரு தொகுதி உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடி எடுத்தவை. பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். அதில் ஆளை விற்று வாங்கிய ஓலைகளும் இருக்கின்றன. நம் ஆட்களுடைய எழுத்து ஆதாரம் என்று தேடிப் போனால் கையில் கிடைப்பது இதுதான் - நம்மை விற்றவன் எழுதின ரசீது.

அப்பச்சன் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்.

1879 பிப்ரவரி 17-ந் தேதி, திருவல்லாவுக்குப் பக்கத்தில் இரவிபேரூர் என்ற ஊரில், ஒரு பறையர் குடும்பத்தில் பிறந்தார். அப்பன் கண்டன், அம்மா லேச்சி. பிள்ளைக்கு இட்ட பெயர் குமரன். அடிமை முறையை ஒழித்து இருபத்திநாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் குடும்பம் சங்கரமங்கலம் என்ற சிரியன் கிறிஸ்தவ வீட்டுக்கு அடிமைப்பட்ட குடும்பமாகவே இருந்தது. இதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவன் என்றால் மதம் மாறிய ஏழை என்ற படம்தான் நம் மனசில் வரும். மத்திய திருவிதாங்கூரில் கதை வேறு. அங்கே சிரியன் கிறிஸ்தவன் நிலக்காரன், அடிமை வைத்திருந்தவன். அந்த அடிமை ஞானஸ்நானம் வாங்கி எஜமானின் கோவிலுக்கே போய் நின்றால் என்ன ஆகும்?

குமரன் சின்ன வயசிலேயே எழுத்துக் கற்றார். யோஹன்னான் ஆனார். பைபிளைத் தலைகீழாகப் படித்து, மார்த்தோமா சபையில் பிரசங்கம் செய்கிற உபதேசியானார். பம்பை ஆற்று மணலில் மாராமண் கன்வென்ஷன் 1895-ல் தொடங்கியது. இரவிபேரூருக்குப் பக்கத்து ஊர்தான் அது. ஊரெங்கும் பிரசங்கமும் எழுப்புதலுமாக இருந்த காலம். 'கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை' என்கிற பிரசங்கத்தைப் புலையனும் கேட்டான், எஜமானும் கேட்டான். கூட்டம் கலைந்ததும் புலையனுக்குத் தனிக் கோவில், தனிக் கல்லறை. சபை மக்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு: கோவில் கல்லறையில் புதைத்த ஒரு தலித்தின் பிணத்தை மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தோண்டி எடுக்க வைத்தார்கள். செத்த பிறகும் தீட்டுப் போகவில்லை.

யோஹன்னான் அந்தச் சபையை விட்டார். வேறொரு சபைக்குப் போனார். அங்கேயும் இதே கதைதான். அதையும் விட்டார். 1906-ல் வாகத்தானம் என்ற ஊரில், தன் ஆட்கள் கூடியிருந்த இடத்தில் பைபிளைத் தீயில் போட்டார் என்று சொல்வார்கள். அதற்கு அவர் சொன்ன காரணம் ஒரு இறையியல் கல்லூரியில் உட்கார்ந்து யோசித்தாலும் கிடைக்காத காரணம். பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு நிருபம் எழுதினார், கொரிந்தியருக்கு எழுதினார், கலாத்தியருக்கு எழுதினார். திருவிதாங்கூர்ப் புலையருக்கு யாராவது ஒரு நிருபம் எழுதியிருக்கிறார்களா? இல்லை என்றால் இது யாருக்கு வந்த வேதம்? இதுதான் அவர் கேள்வியின் சாரம்.

இதை நாத்திகம் என்று அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. மனுஸ்மிருதியை 1927-ல் மகாட்டில் எரித்தது வேறு. அது நம்மை மிதிக்கச் சொன்ன நூல். பைபிள் மிதிக்கச் சொல்லவில்லை. ஆனால் அதில் நாம் இல்லை. ஒரு நூல் நல்லதையே சொன்னாலும் நம் கதை அதில் இல்லாவிட்டால் அது நமக்கு வேதமாகாது என்றவர் இவர். அப்படியானால் எது வேதம்? இதற்கு அவர் கண்ட பதிலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1909-10 வாக்கில் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபை என்று ஒன்றைத் தொடங்கினார். செத்தபின் பரலோகத்தில் கிடைக்கிற ரட்சிப்பு இல்லை, கண்ணுக்கு முன்னால் தெரிகிற ரட்சிப்பு. பகலெல்லாம் வயலில் கிடந்த சனங்கள் ராத்திரியில் வந்து கூடினார்கள். அங்கே அவர் யூதர்களின் கதையைச் சொல்லவில்லை. ராமன் கதையும் சொல்லவில்லை. அவர்களுடைய அப்பனையும் அம்மாவையும் விற்ற கதையைச் சொன்னார்.

அந்தக் கதை இப்படிப் போகும். ஒரு குடிசையில் தாய், தகப்பன், பிள்ளைகள். ஒருநாள் தகப்பனை ஒரு எஜமான் ஒரு திசைக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். தாயை வேறொருத்தன் வேறு திசைக்கு. புருசனையும் பெண்டாட்டியையும் பிரிப்பதில்லை என்று புக்கானன் எழுதினது அங்கே செல்லவில்லை. பிள்ளைகள் மட்டும் மிச்சம். மூத்தது சின்னதைத் தூக்கிக்கொண்டு காட்டோரத்தில் நிற்கிறது. பசிக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. அம்மா எந்தப் பக்கம் போனாள் என்று கேட்க ஆளில்லை. இன்னொரு கதை: வயலில் இறங்கும்போது தாய் பச்சைப் பிள்ளையை மரத்தடியில் கிடத்திவிட்டுப் போகிறாள். பால் கொடுக்கக் கரையேற எஜமான் விடவில்லை. பொழுது சாய்ந்து வந்து பார்த்தால் பிள்ளை மேல் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. அதற்கு உயிரில்லை. இன்னொன்று: மாட்டோடு மனுசனைச் சேர்த்து ஏரில் பூட்டி உழுதது.

கேட்டவர்கள் அழுதார்கள். விம்மி, தரையில் விழுந்து அழுதார்கள். ஏனென்றால் அது யாரோ ஒருத்தர் கதை இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த கிழவிகளில் பலர் 1855-க்கு முன்னால் பிறந்தவர்களாகவோ அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளாகவோதான் இருந்திருப்பார்கள். இந்தச் சபையை விரிவாக ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் சனல் மோகன். 2015-ல் வந்த அவருடைய ஆங்கிலப் புத்தகம், இந்த அடிமை நினைவைச் சொல்வதே சபையின் நடுமையமான சடங்காக ஆனதைக் காட்டுகிறது. ரட்சா நிர்ணயம் என்று அதற்குப் பெயர். நாள்கணக்கில் நடக்கும். ஜெபத்துக்குப் பதில், வேத வாசிப்புக்குப் பதில், அங்கே வரலாறு சொல்லப்படுகிறது. நான் படித்தவரைக்கும், தன் மூதாதையர் பட்ட பாட்டைக் கேட்பதே மீட்புக்கு வழி என்று வைத்த இன்னொரு சபையை இந்தியாவில் நான் பார்க்கவில்லை.

இங்கே நம் அயோத்திதாசப் பண்டிதரை (1845-1914) பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இயங்கியவர்கள். பண்டிதர் 1907-ல் பத்திரிகை தொடங்கி, நாம் பூர்வ பௌத்தர்கள், இந்த மண்ணின் அறிவு மரபே நம்முடையது, வேஷ பிராமணர் அதைப் பறித்தார்கள் என்று வாதாடினார். இழந்த பெருமையை மீட்கிற வழி அது. அப்பச்சனிடமும் ஆதிதிராவிடர் ஒருகாலம் நாடாண்டவர்கள் என்ற பேச்சு உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. பெருமையைவிடக் காயத்தின் மேல்தான் தன் சபையைக் கட்டினார். 'நாங்கள் ராஜாக்கள்' என்பதைவிட 'எங்களை விற்றார்கள்' என்பது அவருக்கு வலுவான அஸ்திவாரமாகப் பட்டது.

இது லேசான விஷயமில்லை. நம் வீடுகளில் எதைப் பேசுகிறோம்? என் பாட்டியிடம் பழைய காரியம் கேட்டால், 'பழைய பீயைக் கிண்டாத மக்கா, நாறும்' என்று வாயை அடைத்துவிடுவாள். என் சித்தப்பாவோ, 'நாமெல்லாம் ராஜகுலமாக்கும்' என்று தொடங்கிச் சேரனையும் பாண்டியனையும் இழுத்துவருவார். பாட்டியின் மௌனத்துக்கும் சித்தப்பாவின் ராஜகுலத்துக்கும் நடுவில் ஒரு நூறு வருஷம் காணாமல் போய்விட்டது. இப்போது சாதிச் சங்கங்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சித்தப்பாவின் கதையைத்தான். அந்தக் கதையில் நிச்சயம் நமக்குக் கீழே ஒரு சாதி இருக்கும். அதுதான் அதில் எனக்குப் பயம். விற்கப்பட்டவன் கதையில் அந்த வசதி இல்லை. விற்கப்பட்ட புலையனும் விற்கப்பட்ட பறையனும் யார் உசத்தி என்று எப்படிச் சண்டை போடுவது?

அப்பச்சன் அதைச் செய்துகாட்டினார். புலையன் பறையனோடு உண்ணமாட்டான், பறையன் குறவனோடு உண்ணமாட்டான் என்றிருந்த காலத்தில், அடிமை மக்கள் எல்லாம் ஒரே சனம் என்று ஒரே பந்தியில் உட்கார வைத்தார். குளித்து, வெள்ளை உடுத்தி வரச் சொன்னார். அழுக்கு என்று நம்மை ஒதுக்கியவன் கண்ணுக்கு வெள்ளை வேட்டி ஒரு எதிர்ப்புத்தான். பிடிக்காதவர்கள் சும்மா இருந்தார்களா? கூட்டங்களில் புகுந்து அடித்தார்கள். வாகத்தானத்தில் அடி, வெள்ளநாடியில் அடி. இவர்களும் திருப்பி நின்றார்கள். சிரியன் கிறிஸ்தவ நிலக்காரனும் நாயர் நிலக்காரனும் சாமி விஷயத்தில் எவ்வளவு வேறுபட்டாலும், அடிமை கூட்டம் போடக் கூடாது என்பதில் ஒன்றாகவே இருந்தார்கள்.

1921-லும் 1931-லும் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்தார். அங்கே போய் அவர் தியானத்தைப் பற்றிப் பேசவில்லை. நிலமில்லாத தன் மக்களுக்கு நிலம் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார். சபையின் பெயரிலும் அங்கங்கே நிலம் வாங்கினார், பள்ளிகள் தொடங்கினார். தாயும் தகப்பனும் விற்கப்பட்டு அனாதையான பிள்ளைக்கு நிற்க ஒரு துண்டு மண் வேண்டும் என்பதுதான் அவருடைய ஆன்மீகத்தின் பொருளாதாரம்.

சரி, தெய்வம் என்கிற சங்கதிக்கு வருவோம். விற்கப்பட்ட அந்த அனாதைப் பிள்ளைகளின் அழுகையைக் கேட்டு, தெய்வமே இரங்கி, ஒரு அடிமைத் தாயின் வயிற்றில் வந்து பிறந்தது என்று சபை மக்கள் நம்புகிறார்கள். அவர்தான் அப்பச்சன். நான் கும்பிடுகிறவன் இல்லை. ஆளைத் தெய்வமாக்கினால் அடுத்த தலைமுறை கேள்வி கேட்க முடியாமல் போகும் என்பது என் கருத்து. அது அந்தச் சபைக்கும் நடந்திருக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கைக்குள் இருக்கிற தர்க்கத்தைப் பாருங்கள். ராஜகுலத்தில் பிறந்த அவதாரங்களைக் கும்பிட்டுப் பழகிய நாட்டில், எஜமான் வீட்டுத் தொழுவத்தோரத்துப் பறைச்சி வயிற்றில்தான் தெய்வம் வரும் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். பகுத்தறிவுக்காரர்கள் இதைச் சிரித்துத் தள்ளலாம். நான் தள்ளமாட்டேன்.

ஒருமுறை இரவிபேரூருக்குப் போயிருந்தேன். வெள்ளை உடுத்திய சனங்கள், பெண்கள் குழுவாகப் பாடுகிறார்கள். அவருடைய பாட்டுகள் நெடுங்காலம் வாய்வழியாகவே வந்தவை. வி.வி. சுவாமியும் இ.வி. அனிலும் சேகரித்துத் தொகுத்த பிறகுதான் வெளியாருக்குப் பரவலாகக் கிடைத்தன. 2008-ல் ஆங்கிலத்திலும் ஒரு தொகுப்பு வந்தது, மொழிபெயர்த்தவர் அஜய் சேகர். ஒரு பெரியவர் என்னை 'எவிடுந்நா?' என்று விசாரித்தார். நாகர்கோவில் பக்கம் என்றேன். 'அப்போ நம்முடெ கூட்டம் தன்னெ. அவிடெயும் விற்றிருந்நல்லோ' என்றார். சர்வசாதாரணமாக, ஏதோ 'உங்க ஊர்லயும் மழை பெய்யுமே' என்கிற மாதிரி சொன்னார். என் பாட்டி சாகும்வரை சொல்லாத வார்த்தையை அவர் முதல் அறிமுகத்தில் சொன்னார். அவருக்கு அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவன் வேறு ஆள் என்பது அவருக்குச் சின்ன வயசிலிருந்தே பாடமாகியிருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் சபை உண்டு, சரித்திரமும் உண்டு. மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் 1799-ல் தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்று வந்த சாம்பவர். அவர் கூப்பிட்டுத்தான் ரிங்கல்தௌபே பாதிரியார் 1806-ல் தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்தார். ஆனாலும் எங்கள் ஊர்ச் சபையின் நூற்றாண்டு மலரில் பக்கம் பக்கமாக வெள்ளைக்காரத் துரைமார் படம்தான் இருந்தது. நம் ஆட்கள் 'இருளிலிருந்து மீட்கப்பட்டவர்கள்' என்ற ஒரே வரியில் முடிந்துபோனார்கள். அந்த இருள் என்ன, யார் இருட்டடித்தது, எத்தனை பேரை எந்த வீட்டுக்கு விற்றார்கள் என்று ஒரு வரி இல்லை. அப்பச்சன் கேட்ட கேள்வி அந்த மலருக்கும் பொருந்தும்.

1939 ஜூன் 29-ல் அப்பச்சன் காலமானார். அதற்கப்புறம்தான் பெயர்ச் சண்டை. நாம் கிறிஸ்தவர்களா, இந்துக்களா, ரெண்டும் இல்லாத தனிச் சபையா? சபை பிளந்தது. அவருடைய மனைவி ஜானம்மா ஒரு பிரிவுக்குத் தலைமையேற்று நடத்தினார். இந்தச் சண்டைக்கு நடுவில் 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாதவன் பட்டியல் சாதி ஆகமாட்டான் என்றது அது. அப்போதே விலக்குப் பெற்றவை சில சீக்கியச் சாதிகள்தான். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவத் தலித்துக்கு இன்றுவரை திறக்கவில்லை. யோஹன்னான் என்று பெயர் வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் இல்லை, உத்தியோகம் இல்லை. சபையில் பெரும்பகுதி இந்துக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. யோஹன்னான் பின்னுக்குப் போய் ஸ்ரீகுமார குருதேவன் முன்னுக்கு வந்தார்.

இதைக் காட்டி இந்துத்துவக்காரர்கள் 'பார்த்தீர்களா, தாய்மதம் திரும்பினார்' என்று எழுதுகிறார்கள். கிறிஸ்தவர்கள் சிலர் 'எங்கள் உபதேசிதானே' என்கிறார்கள். பைபிளை எரித்தவர் கோவில் வாசலில் போய் நிற்கவில்லை என்பதை ரெண்டு பேரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது 1936-ல். அவர் சபை கண்டு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கு அந்த வாசல் தேவைப்படவில்லை. சபை மக்கள் வீட்டில் அவரை எந்தப் பெயரிலும் முழுசாகச் சொல்வதில்லை. அப்பச்சன் என்றுதான் சொல்கிறார்கள். அப்பா என்று அர்த்தம். தகப்பனை வேறு திசைக்கு ஓட்டிப் போன கதையை விடிய விடியக் கேட்டவர்கள் வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?